குற்றம் கூடிருச்சா, கேஸ் கூடிருச்சா?

ஒரு வாசகர் கேட்டது — 7 பிப்ரவரி 2025

என்.சி.ஆர்.பி. (போலீஸ் கணக்கைத் திரட்டற மத்திய அரசு அமைப்பு) 2022 ரிப்போர்ட்ல ஒரு லட்சம் பேருக்கு எத்தனை ஐ.பி.சி. (இந்திய தண்டனைச் சட்டம்) கேஸ்னு பார்த்தா, தேசிய சராசரி 258.1. கேரளா அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல. உத்தரப் பிரதேசம் சராசரிக்கும் கீழ. இனியாவது தென் மாநிலம் பாதுகாப்பா இருக்குன்னு பெருமை பேசறதை விடுவோமா? அரசாங்கமே குடுத்த எண், நான் சொல்லல.

7 பிப்ரவரி, ராத்திரி

அரசாங்கம் குடுத்த எண் தான், சரி. ஆனா எதோட எண்? போலீஸ் ஸ்டேஷன்ல எத்தனை எஃப்.ஐ.ஆர். போட்டாங்கங்கிறதோட எண். ஆஸ்பத்திரியில கிழிச்ச ஓ.பி. சீட்டை எண்ணி ஊர்ல இத்தனை பேருக்குத்தான் காய்ச்சல்னு சொல்ற மாதிரி தான் இது. ஆஸ்பத்திரி பக்கத்துல இருந்து, டாக்டர் ஒழுங்கா பார்ப்பார்ங்கிற நம்பிக்கையும் இருக்கிற ஊர்ல சீட்டு ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

இதை நான் கண்டுபிடிச்சு சொல்லல, ரிப்போர்ட்டோட முன்பக்கத்துலயே போட்டிருக்காங்க. பதிவு கூடுறது வேற, குற்றம் கூடுறது வேற, ரெண்டையும் குழப்பாதீங்கன்னு என்.சி.ஆர்.பி.யே எழுதி வச்சிருக்கு. அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டு நேரா டேபிளுக்குப் போறதுதான் நம்ம டிவி விவாதம் எல்லாம்.

கேரளா பக்கத்துல இன்னொரு எண்ணையும் வச்சுப் பாருங்க. அதே 2022ல போலீஸ் முடிச்ச கேஸ்ல குற்றப்பத்திரிகை போட்ட விகிதம் கேரளாவில 96 சதவீதம், நாட்டுலயே மேல. கேஸை எழுதவும் செய்றாங்க, முடிக்கவும் செய்றாங்க. இதைப் பார்த்தா குற்றம் மலிஞ்ச ஊர்னு தோணுதா, இல்ல வாசல் திறந்திருக்கிற ஸ்டேஷன்னு தோணுதா?

8 பிப்ரவரி

"அப்ப எந்த எண்ணைத்தான் நம்புறது, எல்லாத்தையும் தூக்கிப் போட்றலாமா"ன்னு கேட்டிருக்காங்க. வேண்டாம், எண்ணுக்கு எண் நம்பகம் மாறும். மறைக்கக் கஷ்டமான குற்றத்துல எண் ஓரளவு தேறும். கொலைன்னா பிணம் இருக்கு. பைக் திருட்டுன்னா இன்ஷூரன்ஸ்காரன் எஃப்.ஐ.ஆர். காப்பி கேட்பான், அதனால பைக் போனவன் காப்பி கைக்கு வர்ற வரைக்கும் ஸ்டேஷனை விட மாட்டான். இந்த ரெண்டையும் மாநிலத்துக்கு மாநிலம் வச்சுப் பார்க்கலாம். அடிதடி, பாலியல் தொல்லை, வீட்டுக்குள்ள நடக்கற வன்முறை, பிக்பாக்கெட், இதெல்லாம் யார் சொன்னாங்க, யார் எழுதிக்கிட்டாங்கங்கிறதைப் பொறுத்தது.

கொலையில பார்த்தா கேரளா லட்சத்துக்கு 0.9, நாடு முழுக்க 2.1. முதல் கேள்விக்கு இதுவே பாதி பதில்.

8 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழிச்சு

"கொலையில உ.பி. 1.5, தமிழ்நாடு 2.2, இதுக்கு என்ன சொல்றீங்க"ன்னு உடனே ஒரு தம்பி. நல்ல கேள்வி, நழுவ மாட்டேன்.

முதல்ல, 2022ல நாடு முழுக்க 28,522 கொலை வழக்குன்னு இருக்கே, அதுக்குள்ள வரதட்சணை மரணம் வராது. அது 304பி, தனி வரிசை, நாடு முழுக்க 6,450. உ.பி.யில கொலை 3,491, வரதட்சணை மரணம் 2,138. தமிழ்நாட்டுல இந்த ரெண்டாவது வரிசை ரொம்பச் சின்னது. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள ஒரு பொண்ணு அடுப்படியில எரிஞ்சு செத்தா அது எந்த வரிசையில போய் உக்காருதுங்கிறதைப் பொறுத்து கொலை விகிதமே மாறுது.

அதுக்காக ரெண்டையும் அப்படியே கூட்டி "உ.பி. 5,629"னு போட்டுறாதீங்க. 304பி.யில கொடுமை தாங்காம தானா உயிரை விட்டவங்களும் வருவாங்க, அதனால நேரா கூட்டக் கூடாது. கூட்டினாலும் தப்பு, கூட்டாட்டியும் தப்பு. அதனால நான் மாணவர்கள் கிட்ட ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல எழுதச் சொல்வேன், ஒரே எண்ணா ஆக்காதீங்கன்னு.

இன்னொண்ணு, தமிழ்நாட்டுல கொலை நிஜமாவே குறைவுன்னு நான் எங்கயும் சொல்லல. தென் மாவட்டத்துல பழிக்குப் பழி வரிசையா விழுறதை எல்லாரும் பார்த்துக்கிட்டு தான் இருக்கோம். நம்ம ஊர்ப் பெருமைக்காக எண்ணை வளைக்கிறது எனக்குப் பிடிக்காது.

10 பிப்ரவரி

2020 எண் தான் நான் வகுப்புல முதல் நாள் போர்டுல எழுதறது. 2019ல நாடு முழுக்க 51,56,158 கேஸ். 2020ல 66,01,285. 28 சதவீதம் ஏத்தம். எந்த வருஷம்னு பாருங்க, ஊரே பூட்டிக் கிடந்த வருஷம், தெருவுல நாய் தவிர ஆள் கிடையாது.

இதுக்கு ஒரு பெரிய காரணம், 188ன்னு ஒரு பிரிவு, அரசு ஊழியர் போட்ட உத்தரவை மீறுறது. 2019ல அதுல 29,469 கேஸ், 2020ல 6,12,179. மாஸ்க் போடாதவன், காய்கறி வாங்கப் போனவன், பைக்ல சும்மா சுத்தினவன். தமிழ்நாட்டுல டிரோனைப் பார்த்து கேரம் போர்டோட ஓடினாங்களே பசங்க, அவங்களும் இந்தக் கணக்குக்குப் போக வேண்டியவங்க தான். திருட்டு மாதிரி பழைய வகை குற்றம் அந்த வருஷம் இறங்கித்தான் இருந்துச்சு.

மொத்தக் கூட்டுத்தொகையில ஒரு கொலைக்கும் ஒரு மாஸ்க் கேஸுக்கும் எடை ஒண்ணு. கனடாவில 2009ல இருந்து ஒரு குறியீடு வச்சிருக்காங்க, கோர்ட்டு குடுக்கற தண்டனையைப் பொறுத்து ஒவ்வொரு குற்றத்துக்கும் எடை போட்டுக் கூட்டுவாங்க. இங்கிலாந்துலயும் அது மாதிரி ஒண்ணு இருக்கு. நம்ம கிட்ட அது இல்ல. அது வர்ற வரைக்கும் "மொத்தக் குற்றம்"ங்கிற வரியை யாராவது மேற்கோள் காட்டினா நான் கேட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிருவேன்.

11 பிப்ரவரி

எஃப்.ஐ.ஆர். எப்படி உருவாகாம போகுதுங்கிறதைக் கேட்டிருக்காங்க. இது புஸ்தகத்துல இருக்கிறதை விட ஸ்டேஷன் பெஞ்சுல உக்காந்தா நல்லாப் புரியும்.

சில வருஷம் முன்னாடி பஸ் ஸ்டாண்ட் கூட்டத்துல என் போனை சட்டைப் பையில இருந்து உருவிட்டான். ஸ்டேஷனுக்குப் போனேன். அங்க புகார் எழுதற ரைட்டர் நல்ல மனுஷன் தான், உக்காரச் சொல்லி தண்ணியெல்லாம் குடுத்தாரு. "சார், திருட்டுன்னு எழுதாதீங்க, பயணத்துல தவறிப் போச்சுன்னு எழுதிக் குடுங்க, சிம் வாங்க இது போதும்"னாரு. குற்றவியல் படிச்சுட்டு, இதைப் பத்தியே ஆய்வு பண்ணிட்டு அங்க நின்ன எனக்கும் அந்த நேரத்துல சிம் தான் முக்கியமா இருந்துச்சு, கேட்டபடி எழுதிக் குடுத்துட்டு வந்தேன். அந்த ஒரு வாக்கியத்துல ஒரு குற்றம் கணக்குல இருந்து போயிருச்சு, யாரும் யாரையும் மிரட்டல, காசு வாங்கல.

இதுக்கு அடுத்த வழி சி.எஸ்.ஆர். புகார் வாங்கிட்டு ஒரு ரசீது குடுப்பாங்க, நம்பர் இருக்கும், சீல் இருக்கும், வாங்கிட்டுப் போறவங்க பாதிப் பேர் கேஸ் போட்டாச்சுன்னே நினைச்சுக்குவாங்க. சி.எஸ்.ஆர். எஃப்.ஐ.ஆர். கிடையாது, என்.சி.ஆர்.பி.க்குப் போற கணக்குல வராது. "ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி அனுப்பிச்சாச்சு"ன்னு பெட்டிஷனை முடிச்சுருவாங்க. சில நேரம் அது ஜனங்களுக்கே நல்லதாவும் இருக்கும், வாய்க்கா வரப்புத் தகராறுல எல்லாம் கோர்ட்டுக்கு அலையறதை விட அதுவே மேல். ஆனா அளக்கிறவனுக்கு அது ஒரு ஓட்டை.

ஏன் இப்படி? மாசாந்திர கிரைம் மீட்டிங்ல மேலதிகாரி கேட்கற முதல் கேள்வி "போன வருஷம் இதே மாசம் எவ்வளவு, இப்ப ஏன் ஜாஸ்தி". இன்ஸ்பெக்டருக்கு எண்ணைக் குறைக்க ரெண்டு வழி. ஒண்ணு கஷ்டமான வழி. இன்னொண்ணுக்கு ரைட்டர் கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும். போலீஸ் பாஷையில பர்க்கிங்னு இதுக்கு வெள்ளைக்காரன் காலத்துல இருந்தே பேரு உண்டு.

11 பிப்ரவரி, பின்குறிப்பு

நம்ம ஊரை மட்டும் சொல்றேன்னு நினைக்க வேண்டாம். இங்கிலாந்துல 2014ல போலீஸ் ஆய்வுத் துறை ஒவ்வொரு படையா உள்ள போய் ஃபோன் பதிவையும் குற்றப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்த்துச்சு. ஜனங்க சொன்ன குற்றத்துல 19 சதவீதம் பதிவே ஆகல, வருஷத்துக்கு 8 லட்சத்துக்கும் மேல. பாலியல் குற்றத்துல 26 சதவீதம். அதே வருஷம் ஜனவரியில, போலீஸ் பதிவுக்கு இருந்த "தேசியப் புள்ளிவிவரம்"ங்கிற முத்திரையையே புள்ளிவிவர ஆணையம் பிடுங்கிருச்சு. அதுக்கப்புறம் ஒழுங்கா எழுத ஆரம்பிச்சாங்க, எண் ஏறுச்சு. பத்திரிகைக்காரங்க குற்றம் பெருகிருச்சுன்னு எழுதினாங்க.

12 பிப்ரவரி

லலிதா குமாரி தீர்ப்பு வந்த பிறகும் இப்படியான்னு ஒரு வக்கீல் நண்பர். ஆமா. 2013 நவம்பர் 12, சுப்ரீம் கோர்ட்டு அஞ்சு நீதிபதி அமர்வு, தலைமை நீதிபதி நம்ம ப.சதாசிவம். பிடியாணை இல்லாம கைது பண்ணக்கூடிய குற்றம்னு புகார்ல தெரிஞ்சா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும்னு சொல்லியாச்சு. குடும்பத் தகராறு, வியாபாரத் தகராறு, மருத்துவ அலட்சியம், ஊழல், ரொம்பத் தாமதமா வந்த புகார், இது மாதிரி கேஸ்ல முன்விசாரணை பண்ணிக்கலாம்னு ஒரு கதவு விட்டாங்க. அந்தக் கதவு வழியா எவ்வளவு போகுதுன்னு அளந்த ஆய்வு நம்ம மாநிலத்துக்கு வேணும், யாராவது பண்ணுங்க.

15 பிப்ரவரி

போலீஸ் எண்ணுக்கு மாத்து வழி சர்வே, அதைப் பத்தி இன்னைக்கு. போலீஸை விட்டுட்டு நேரா வீட்டுக்குப் போய் "உங்களுக்கு என்ன நடந்துச்சு"ன்னு கேட்கறது. அமெரிக்காவில 1973ல இருந்து நடக்குது, இங்கிலாந்துல 1982ல ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டுல அப்படி வருஷா வருஷம் நடக்கற தேசிய சர்வே கிடையாது. ஐ.டி.எஃப்.சி. நிறுவனம் டில்லி, மும்பை, பெங்களூரு, சென்னைன்னு நாலு ஊர்ல ஒரு தடவை பெரிசா பண்ணாங்க. அதோட நிக்குது.

படிச்சு முடிச்ச புதுசுல நான் ஒரு சர்வேயில வீடு வீடாப் போற வேலை பார்த்தேன். அங்க கத்துக்கிட்டது எந்த வகுப்புலயும் கிடைக்கல. "கடந்த 12 மாசத்துல"ன்னு கேட்டா யாருக்கும் 12 மாசம் தெரியாது. மூணு வருஷம் முன்னாடி போன தோடு இன்னும் மனசுல எரிஞ்சுக்கிட்டு இருக்கும், போன வருஷம்னு சொல்லுவாங்க. ரெண்டு மாசம் முன்னாடி காணாம போன கோழி மறந்தே போயிருக்கும். பெரிய இழப்பு பக்கத்துல தெரியும், சின்னது கண்ணுக்கே தெரியாது. அதனால நாங்க "போன தீபாவளிக்கு முன்னாடியா பின்னாடியா, அம்மன் கோயில் கொடை முடிஞ்சுருச்சா, அப்ப நெல் அறுத்தாச்சா"ன்னு தான் கேட்போம். ஊருக்கு ஊர் கொடை மாசம் மாறும், அதனால ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தனி காலண்டர் எழுதி வச்சுக்குவோம். அமெரிக்காக்காரன் இதையே வேற மாதிரி பண்றான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அதே வீட்டுக்குப் போவான், முந்தின பேட்டியை எல்லைக்கல்லா வச்சுக்குவான்.

அப்புறம் மாமியார். மருமக கிட்ட பேசணும்னா மாமியார் முறத்தை எடுத்துக்கிட்டு திண்ணையில வந்து உக்காந்துருவாங்க, அரிசியில கல்லே இருக்காது, ஆனா புடைச்சுக்கிட்டே இருப்பாங்க. கூட வந்த அக்கா ஒருத்தங்க கெட்டிக்காரி, "பாட்டி, உங்க கிட்ட தனியா ஒரு நாலு கேள்வி கேட்கணும்"னு அவங்களைப் பின்பக்கம் கூட்டிட்டுப் போயி பழைய காலத்துக் கதையெல்லாம் கேட்பாங்க. அந்த இடைவெளியில தான் இந்தப் பக்கம் பேச்சு வரும். சில வீட்டுல வராமலே போகும், அந்தப் பக்கத்தை வெறுமையா விட்டுட்டு வந்துருவோம். அந்த வெறும் பக்கத்துக்கு உள்ள என்ன இருந்துச்சோன்னு பல நாள் யோசிச்சிருக்கேன்.

16 பிப்ரவரி

நேத்து எழுதினதோட தொடர்ச்சி. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, அதான் என்.எஃப்.எச்.எஸ்., இதுக்கு ஒழுங்கான முறை வச்சிருக்காங்க. ஒரு வீட்டுல ஒரே ஒரு பொண்ணு கிட்ட தான் வன்முறைக் கேள்வி, தனிமை கிடைக்கலன்னா அந்தப் பகுதியையே கேட்கக் கூடாது. "உங்க வீட்டுக்காரர் கொடுமை பண்றாரா"ன்னு கேட்க மாட்டாங்க. அறைஞ்சாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடிச்சு இழுத்தாரா, எட்டி உதைச்சாரா, கழுத்தை நெரிச்சாரான்னு ஒவ்வொரு செயலா கேட்பாங்க. ஏன்னா நம்ம அம்மா தலைமுறைக்கு அறை எல்லாம் கொடுமையில சேராது, "கோவத்துல ரெண்டு போட்டாரு" அவ்வளவு தான்.

அப்படிக் கேட்டப்ப 2019-21ல தமிழ்நாட்டுல கல்யாணம் ஆன பொண்ணுங்கள்ல 38.1 சதவீதம் பேர் கணவன் கிட்ட வன்முறையை அனுபவிச்சதா சொல்லியிருக்காங்க. நாட்டு சராசரி 29.3. இப்ப என்.சி.ஆர்.பி.யைத் திறந்து 498ஏ, அதான் கணவனோ அவன் வீட்டாரோ பண்ற கொடுமைக்கான பிரிவு, அதைப் பாருங்க. மேற்கு வங்காளத்துலயும் ராஜஸ்தான்லயும் வருஷத்துக்கு பத்தாயிரத்துக்கு மேல கேஸ், நம்ம எண்ணிக்கை அதுல ஒரு சின்னத் துண்டு. போலீஸ் எண்ணை வச்சா தமிழ்நாட்டுப் பொண்ணுங்க நிம்மதியா இருக்காங்க, வீட்டுக் கணக்கை வச்சா நாட்டு சராசரியை விட மோசம்.

1992லயே ஆயிரம் விளக்குல அனைத்து மகளிர் ஸ்டேஷன் திறந்த மாநிலம் இது. அந்த ஸ்டேஷன்ல பெரும்பாலும் நடக்கறது கவுன்சிலிங், சமாதானம், எழுதி வாங்கறது. நான் அதைக் குறை சொல்லல, பல பொண்ணுங்க அதைத்தான் கேட்டே போறாங்க. ஆனா அங்க முடியறது எதுவும் டேபிள்ல ஏறாது. நாடு முழுக்க வன்முறையை அனுபவிச்சவங்கள்ல 14 சதவீதம் பேர் தான் யார் கிட்டயாவது உதவி கேட்டதே. அதுலயும் முதல்ல போறது அம்மா வீட்டுக்கு, போலீஸ் வரைக்கும் போறவங்க ரொம்பக் கம்மி.

முதல் கேள்வி கேட்டவருக்கு இது தான் என் உண்மையான பதில். தென் மாநிலப் பெருமையை என்.சி.ஆர்.பி. உடைக்கல, இந்த 38.1 தான் உடைக்குது.

17 பிப்ரவரி

"சர்வே மட்டும் சுத்தமா? கர்நாடகா ஒரே சுத்துல 20.6ல இருந்து 44.4க்குப் போச்சே"ன்னு பிடிச்சிருக்கார் ஒருத்தர். சரியான இடத்துல பிடிச்சிருக்கார். நாலு அஞ்சு வருஷத்துல கர்நாடகா புருஷங்க எல்லாம் ரெண்டு மடங்கு மோசமாயிட்டாங்கன்னு நான் நம்பல. கேள்வி கேட்டவங்க பயிற்சி, தனிமை, சொல்லற தைரியம், இதுல எது எவ்வளவு மாறுச்சுன்னு அந்த எண்ணைப் பார்த்து மட்டும் பிரிக்க முடியாது. எனக்கு பழைய 20.6 மேல தான் சந்தேகம் ஜாஸ்தி. இந்த விஷயத்துல இல்லாததை இருக்குன்னு சொல்றவங்களை விட இருக்கிறதை இல்லன்னு சொல்றவங்க தான் அதிகம்னு வீடு வீடாப் போனப்ப பார்த்தேன்.

1835லயே அடால்ஃப் கெட்லேன்னு பெல்ஜியம் கணக்குக்காரர் சொன்னது இது தான். தெரிஞ்ச குற்றத்துக்கும் தெரியாத குற்றத்துக்கும் இருக்கிற விகிதம் மாறாம இருந்தா மட்டும் தான் தெரிஞ்சதை வச்சு ஒப்பிடலாம். மாறாம இருக்குங்கிறதை யார் காட்டுறது?

17 பிப்ரவரி, மறுபடியும்

இங்கிலாந்து சர்வேல நடந்த ஒண்ணைச் சொல்லாம விட முடியாது. ஒரே ஆள் ஒரே மாதிரி குற்றத்துக்குத் திரும்பத் திரும்ப ஆளானா, எத்தனை தடவைன்னாலும் 5 வரைக்கும் தான் எண்ணிக்கிட்டு இருந்தாங்க. ஒரு சில பேர் பெரிய எண் சொன்னா வருஷத்துக்கு வருஷம் மொத்தம் குதிக்கும், அதைத் தடுக்க இந்த வரம்பு. புள்ளியியல்ல நியாயமாத்தான் தெரியும். ஆனா யாரு வருஷத்துக்கு 50, 60 தடவை அடி வாங்குவா? பக்கத்து வீட்டுக்காரனா அடிக்கிறான்? சில்வியா வால்பிங்கிற சமூகவியல் பேராசிரியரும் கூட இருந்தவங்களும் அந்த வரம்பை எடுத்துட்டுக் கணக்குப் போட்டப்ப வன்முறைக் குற்றம் 60 சதவீதம் ஏறுச்சு, அந்த ஏத்தத்துல பெரும்பங்கு பொண்ணுங்க மேல. அந்த வரம்புக் கோட்டைப் பிறகு மாத்திட்டாங்க. கோடு போட்டவங்க யாரும் கெட்ட எண்ணத்துல போடல, அதுதான் எனக்குத் தூக்கம் கெடுக்கற விஷயம்.

19 பிப்ரவரி

குற்றம் செஞ்சவன் கிட்டயே கேட்டா பொய் தானே சொல்லுவான்னு ஒரு கல்லூரிப் பையன். ஒரு வழி இருக்கு, 1965ல வார்னர்னு ஒருத்தர் ஆரம்பிச்சு வச்சது, எளிமையான வடிவம் சொல்றேன். அவன் கையில காசைக் குடு, நீ பார்க்காம சுண்டட்டும். பூ விழுந்தா எதுவா இருந்தாலும் "ஆமா"ன்னு சொல்லணும், தலை விழுந்தா உண்மையைச் சொல்லணும். 100 பேர்ல 60 பேர் ஆமான்னா, 50 பூவுக்குப் போச்சு, மிச்ச 10 பேர் தலை விழுந்த 50 பேர்ல உண்மை ஆமா. அதாவது 20 சதவீதம். தனி ஆள் யாரும் மாட்ட மாட்டான், கூட்டத்தோட எண் மட்டும் வந்துரும். நான் கிராமத்துல பண்ணிப் பார்த்தப்ப சிலர் பூ விழுந்தாலும் "ஆமா"ன்னு சொல்லத் தயங்கினாங்க, செய்யாத தப்பை வாயால ஏத்துக்க மாட்டேன்னு. அந்தப் பிடிவாதம் எந்தச் சூத்திரத்துலயும் இல்ல.

22 பிப்ரவரி

கொல்கத்தா தான் இந்தியாவிலேயே பாதுகாப்பான நகரம், லட்சத்துக்கு 86.5ன்னு ஃபார்வர்டு வந்துருச்சு. கீழ்த்தொகையை, அதாவது எத்தனை பேரால வகுத்தாங்கங்கிறதைப் பாருங்க. பெருநகர டேபிள்ல மக்கள்தொகை 2011 சென்சஸ்ல இருந்து எடுத்தது. கேஸ் 2022, தலை 2011. நடுவுல வளர்ந்த ஊருக்கெல்லாம் விகிதம் வீங்கித் தெரியும், கோயம்புத்தூர் திருப்பூர் பக்கம் எவ்வளவு பேர் வந்து குடியேறியிருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். கொல்கத்தாவுக்குப் போட்டிருக்கிற 141 லட்சம் ஹௌராவெல்லாம் சேர்ந்த முழுக் கூட்டத்தோட எண், மாநகராட்சி மட்டும்னா 2011ல ஏறக்குறைய 45 லட்சம். மேல இருக்கிற கேஸ் எந்த எல்லை வரைக்கும் எடுத்ததுன்னு பார்க்காம ஊருக்குப் பட்டம் குடுக்காதீங்க.

23 பிப்ரவரி

ஆணவக் கொலை. இதை எழுத வேண்டாம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்.

என்.சி.ஆர்.பி. கொலைக்கான காரணத்துல இதைத் தனியா எண்ண ஆரம்பிச்சது 2014. அந்த வருஷம் நாடு முழுக்க 28. அடுத்த வருஷம் 251. ஒரே வருஷத்துல ஒன்பது மடங்கு ஆணவம் பெருகிருக்குமா? ஒரு கட்டம் புதுசா வருது, யாரு அதுல டிக் அடிக்கிறாங்கங்கிறதைப் பொறுத்து எண் ஆடுது. "காதல் விவகாரம்"னு பக்கத்துலயே இன்னொரு கட்டம் இருக்கு, "குடும்பத் தகராறு"ன்னு ஒண்ணு இருக்கு. எதை நிரப்பறதுங்கிறது ஸ்டேஷன் முடிவு. அதுக்கும் முன்னாடி, பொண்ணு வயித்துவலி தாங்காம மருந்து குடிச்சுட்டான்னு 174ங்கிற பிரிவுல சந்தேக மரணமா எழுதி ராவோடு ராவா எரிச்சுட்டா கொலைங்கிற டேபிளுக்கே வராது. நம்ம மாநிலத்துல தன்னார்வ அமைப்புகள் சொல்ற எண்ணுக்கும் அரசு எண்ணுக்கும் அவ்வளவு தூரம் இருக்கறது இதனால தான். நான் வளர்ந்த பக்கத்துல இப்படிப் போன ஒரு பொண்ணை எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், எந்த டேபிளுக்கும் தெரியாது.

23 பிப்ரவரி

மேல சொன்னதோட சேர்த்து காவல் மரணம். போலீஸ் காவல்ல செத்தது ஒரு கணக்கு, நீதிமன்றக் காவல்ல செத்தது வேற கணக்கு. 2020ல சாத்தான்குளம் தந்தை மகனை ஸ்டேஷன்ல அடிச்சாங்க, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் பண்ணாரு, கோவில்பட்டி கிளைச்சிறைக் காவல்ல இருக்கும்போது அங்க ஆஸ்பத்திரியில தான் உயிர் போச்சு. அடி விழுந்த இடம் ஒண்ணு, உயிர் போன இடம் வேற. எந்தக் காவல்ல இருக்கும்போது உயிர் போச்சுங்கிறதை வச்சுப் பிரிக்கிற கணக்குல அந்த ரெண்டு பேரும் எந்தப் பக்கம் விழுவாங்கன்னு நீங்களே பார்த்துக்கங்க. மாநிலம் மாநிலமா "லாக்கப் மரணம் குறைஞ்சுருச்சு"ன்னு சட்டசபையில அறிக்கை வாசிக்கும்போது இந்த நியாபகம் எனக்கு வரும், கோவம் வரும்.

26 பிப்ரவரி

இனிமே இன்னும் குழம்பப் போகுது. 2024 ஜூலை 1ல இருந்து ஐ.பி.சி.க்குப் பதிலா பி.என்.எஸ்., பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலா பி.என்.எஸ்.எஸ். வந்தாச்சு. செயின் பறிப்பு இப்ப தனிக் குற்றம், பி.என்.எஸ். 304. இதுக்கு முன்னாடி ஐ.பி.சி. 379லயும் (திருட்டு) போடுவாங்க, 392லயும் (வழிப்பறி) போடுவாங்க, அந்த ஸ்டேஷன் பழக்கம். அதனால பழைய வழிப்பறி வரிசையும் புது வரிசையும் ஒட்டாது. அதை விடப் பெரிசு, 5,000 ரூபாய்க்குக் கீழ திருட்டுன்னா இப்ப கோர்ட்டு உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்கக் கூடிய குற்றமே இல்ல. அப்ப எஃப்.ஐ.ஆர். எங்க இருந்து வரும்? பழைய போன், சிலிண்டர், சைக்கிள், ஆடு, இதெல்லாம் 5,000க்குள்ள தான். போன ஆட்டுக்கு யாரு விலை போடறது, 4,900ஆ 5,100ஆ? வருங்காலத்துல திருட்டு குறைஞ்சுருச்சுன்னு ஒரு மேடைப் பேச்சு வரும், இப்பவே சொல்லி வைக்கிறேன்.

மூணு வருஷமோ அதுக்கு மேலயோ, ஆனா ஏழு வருஷத்துக்குக் கீழ தண்டனை இருக்கிற குற்றத்துக்கு 14 நாள் முன்விசாரணையும் இப்ப சட்டத்துலயே வந்துருச்சு. 12ஆம் தேதி சொன்ன கதவு இன்னும் அகலமாயிருச்சு.

1 மார்ச்

"குறையே சொல்றீங்க, உருப்படியா யாராவது அளந்திருக்காங்களா?" அளந்திருக்காங்க. ராஜஸ்தான்ல 162 ஸ்டேஷன்ல பானர்ஜி, டஃப்லோங்கிற பொருளாதார நிபுணர்கள் குழு பண்ணது ஒண்ணு. புகார் குடுக்கிற மாதிரி ஆளை அனுப்பி, எழுதிக்கிறாங்களா விரட்டுறாங்களான்னு பார்த்தாங்க. எனக்குத் தெரிஞ்சு பதிவை அளக்க இதை விட நேரான வழி இல்ல. பயிற்சி குடுத்த இடத்துலயும், அடிக்கடி டிரான்ஸ்பர் போடறதை நிறுத்தின இடத்துலயும் ஜனங்க திருப்தி கூடுச்சு.

இன்னொண்ணு மத்தியப் பிரதேசம், 180 ஸ்டேஷன், 2022ல சயின்ஸ் இதழ்ல வந்துச்சு. ஒரு பங்கு ஸ்டேஷன்ல பெண்கள் உதவி மேசை, ஒரு பங்குல பெண் அதிகாரியே உக்காந்த மேசை, ஒரு பங்குல எதுவும் இல்ல, குலுக்கல் முறையில பிரிச்சது. மேசை வச்ச இடத்துல பெண்கள் புகார் பதிவு ஏறுச்சு, எஃப்.ஐ.ஆர். ஏறினது முக்கியமா பெண் அதிகாரி உக்காந்த இடத்துல. அங்க கேஸ் கூடினது வெற்றி. இதே எண் நம்ம ஊர் கிரைம் மீட்டிங்ல வந்திருந்தா அந்த இன்ஸ்பெக்டருக்கு மெமோ.

4 மார்ச்

முதுகலை ஆய்வுக்குத் தலைப்பு கேட்ட தங்கச்சிக்கு. மாநிலத்தை மாநிலத்தோட ஒப்பிடற வேலையை விட்டுரும்மா, அதுல எத்தனை கோளாறு இருக்குன்னு மேல முழுக்க எழுதியாச்சு. ஒரே மாவட்டத்தை எடு. தகவல் உரிமைச் சட்டத்துல ஸ்டேஷன் வாரியா, மாசம் வாரியா மூணே எண் கேளு, எத்தனை சி.எஸ்.ஆர்., எத்தனை எஃப்.ஐ.ஆர்., எத்தனை சி.எஸ்.ஆர். பிறகு எஃப்.ஐ.ஆரா மாறுச்சு. பேரு, கேஸ் விவரம் எதுவும் கேட்காதே, கேட்டா அந்தரங்கம்னு மறுத்துருவாங்க. 2024 ஜூலைக்கு முன்னாடி ஒரு வருஷம், பின்னாடி ஒரு வருஷம். இன்ஸ்பெக்டர் மாறின மாசத்தைத் தனியாக் குறிச்சுக்கோ, பதிவு அங்க தான் எகிறும் இல்ல விழும். மகளிர் ஸ்டேஷனை மத்த ஸ்டேஷனோட சேர்த்துக் கூட்டாதே.

பதில் 30 நாள்ல வரலன்னா முதல் மேல்முறையீடு போடு, அதுக்கும் வரலன்னா இங்க எழுது, வரைவு நான் பார்த்துத் தர்றேன்.